வெள்ளியங்கிரி மலையேற்றம்: நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

கோயம்புத்தூர் மாவட்டம் பூண்டியில் தொடங்கும் வெள்ளியங்கிரி மலைப்பாதை, காட்டினூடே ஏழு மலைகளைக் கடந்து செல்கிறது. ஒரு வழித் தொலைவு ஏறத்தாழ 6 கி.மீ. ஆயினும், ஏறி இறங்கப் பத்து மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். பிப்ரவரி முதல் மே வரையிலான பருவத்தில் வனத்துறை அனுமதிக்கிறது. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் மலையேறியவர்களில் பலர் உயிரிழந்தனர். இதய நோய், மூச்சுத்திணறல் போன்ற பாதிப்பு உள்ளோர் ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவுறுத்துகிறது. அது சரியான அறிவுரையே.

காவிரிப் படுகையில் வாழ்வோர் இதனைக் கூடுதல் கவனத்துடன் கருத வேண்டும். நமக்குத் தெரிந்த ஏற்றம் பெரும்பாலும் ஆற்றங்கரை ஏற்றமே. நாள் முழுதும் வயலில் குனிந்து நிமிர்ந்து உழைப்பவருக்கும் தொடர்ந்து படியேறிய பழக்கம் இராது. சமதரையில் வெளிப்படாத இதய இரத்தக் குழாய் அடைப்பு, செங்குத்தான ஏற்றத்தில் முதன்முறையாக வெளிப்படக்கூடும்.

எனவே, பயணத்திற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே படியேறிப் பழகத் தொடங்குக. சுவாமிமலைக் கோயிலின் 60 படிகளை இடையில் நிற்காமல் ஏறும்போது மார்பில் இறுக்கம், தாடை அல்லது இடக்கை வலி, தலைச்சுற்றல், பேச இயலாத அளவு மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுக. தொல்லையின்றி ஏற முடிந்தால், சில வாரப் பயிற்சிக்குப் பின் திருச்சி மலைக்கோட்டையை ஏறிப் பார்க்கலாம். இவற்றில் தேறியவருக்கு இதய நோய் இல்லை என்று பொருளன்று. தேறாதவர் வெள்ளியங்கிரிக்குச் செல்லக் கூடாது என்பது மட்டும் உறுதி. மாரடைப்பு ஏற்பட்டவர்கள், ஸ்டென்ட் பொருத்தியவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் அடிவாரக் கோயிலில் வழிபட்டுத் திரும்புவதே நல்லது.

நீரிழிவு உள்ளவர்கள், மருத்துவர் இசைவு அளித்த பிறகும், இரண்டு பழக்கங்களைக் கைவிட வேண்டும். ஒன்று, விரதமிருந்து ஏறுதல். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோர் உண்ணாமல் பல மணி நேரம் ஏறினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகிய அதன் அறிகுறிகள் ஏற்றக் களைப்பைப் போலவே தோன்றுவதால் பலர் பொருட்படுத்துவதில்லை. அன்றைய மருந்தளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிக. தாமாகக் குறைக்க வேண்டாம். அறிகுறி தோன்றியவுடன் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்துப் பருகிப் பதினைந்து நிமிடம் அமர்ந்திருக்கவும்; சரியாகாவிடில் மீண்டும் ஒருமுறை பருகவும். மயங்கியவர் வாயில் எதனையும் ஊற்றக் கூடாது.

மற்றொன்று, வெறுங்காலுடன் நடத்தல். வேண்டுதலை மதிக்கிறோம், ஆனால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர் கல் குத்தியதை அறியமாட்டார். அந்தச் சிறு காயம் விரலை அகற்றும் நிலைக்கும் கொண்டு செல்லலாம்.

தஞ்சாவூரிலிருந்து நெடுந்தொலைவு பேருந்தில் சென்று, உறங்காமல் அன்றிரவே ஏறத் தொடங்குவோர் பலர். ஓரிரவு உறங்கி ஓய்வெடுத்த பின் ஏறுக. தண்ணீருடன் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும் எடுத்துச் செல்லவும். கால்வலிக்காக டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை விழுங்கியபடி ஏற வேண்டாம். உடலில் நீர் குறைந்த நிலையில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

உடன் செல்பவர் நோயாளியை விட்டு முன்னே செல்லக் கூடாது. அவருடைய மருந்துச் சீட்டின் நகலைத் தம் பையிலும் வைத்திருக்க வேண்டும். மார்பு வலி தோன்றினால் உடனே அமரச் செய்து, மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த நாவடி மாத்திரை இருந்தால் அமர்ந்த நிலையிலேயே கொடுக்கவும். நின்றபடி வைத்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து விழ நேரிடும். 108-ஐ அழைக்கவும், மலையில் எல்லா இடங்களிலும் அலைபேசித் தொடர்பு கிடைக்காது என்பதால் ஒருவரை வனப் பணியாளரிடம் அனுப்பவும். உச்சி அருகில்தான் என்று மேலும் ஏறச் செய்வது பெருந்தவறு.

ஊர் திரும்பிய இரண்டு நாட்களுக்குள் சிறுநீர் அடர்பழுப்பு நிறமாகப் போனாலோ அளவு வெகுவாகக் குறைந்தாலோ உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். பாதங்களை அன்றிரவே வெளிச்சத்தில் வைத்து, விரலிடுக்குகள் உட்பட, வேறொருவர் பார்க்க வேண்டும்.