பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுதல்: வட ஆர்க்காட்டின் இருநூறு ஆண்டுகள்

கோடை விடுமுறை தொடங்கியதும் ஆரணி, சந்தவாசல் பகுதிகளில் நம் பெற்றோரிடையே எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையை எந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? கட்டணம், வேன், ஆங்கிலம் என ஒப்பிட்டே களைத்துப் போகிறோம். இது நம் தலைமுறையின் கவலை என்று எண்ணிவிட வேண்டாம்.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, கலெக்டர்களிடம் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அவற்றுள் பெரும்பாலானவை இன்றைய வழக்கில் தனியார் பள்ளிகளே. ஓர் ஆசிரியர், ஒரு திண்ணை, பெற்றோர் தம் வசதிக்கேற்பத் தரும் ஊதியம், அவ்வளவுதான். வட ஆர்க்காட்டு அறிக்கையில் பாரசீகம் கற்பித்த பள்ளிகளும் இடம்பெற்றன. அவற்றில் பயின்றோர் ஏறக்குறைய அனைவரும் முஸ்லிம்கள். சிறுமியர் சிலரும் அவர்களுள் இருந்தனர். எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும், நம் முன்னோர் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கவே இல்லை என்போர் இக்கணக்கைப் பார்த்ததில்லை போலும்.

நெசவாளர் ஊரில் வாழும் நமக்குப் பல்லாரி கலெக்டர் கேம்பெல் அனுப்பிய அறிக்கை இன்னும் நெருக்கமானது. ஐரோப்பியத் துணி வந்து உள்நாட்டுத் துணியின் இடத்தைப் பிடித்ததால் கைத்தொழில் செய்வோர் வருவாய் குன்றியது. பெற்றோரால் ஆசிரியருக்குக் கொடுக்க முடியவில்லை. பள்ளிகள் குறைந்தன என்று ஆங்கில அதிகாரியே எழுதினார். தறி ஓய்ந்தால் பிள்ளையின் படிப்பும் தடுமாறும் என்பதை ஆரணிக்காரர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1854இன் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறையைக் கொணர்ந்தது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு முஸ்லிம்களின் கல்விக்குத் தனி ஊக்கம் வேண்டும் என்றது. தொடக்கப் பள்ளிகளில் உருதுவே பயிற்றுமொழியாகலாம், சமூகம் விரும்பினால் வேறு மொழியும் ஆகலாம் என்றும் பரிந்துரைத்தது. உருதுவா, தமிழா, ஆங்கிலமா என்று இன்றும் நம் வீடுகளில் நடக்கும் வாதத்தின் வயது அது.

பின்னர் வந்த நர்சரிப் பள்ளிப் பெருக்கத்தின் விலையை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் கண்டது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்த இடத்தில், சத்துணவுச் சமையற்கூடத்திலிருந்து கூரைக்குப் பரவிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். கட்டணத்தை விசாரிக்கும் நாம் படிக்கட்டின் அகலத்தை ஏன் விசாரிப்பதில்லை? பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதையும் நன்கொடை வாங்குவதையும் தடை செய்தது; தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மவர் பள்ளி என்றே சட்டம் காக்கும் என நம்பிச் செல்லும் ஏழைப் பெற்றோர் இதை அறிந்திருத்தல் நலம். அங்கே இடம் கிடைப்பது நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது. ஜமாஅத் பெரியோர் அதைக் கூட்டத்தில் எழுப்பலாம்.

ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியை எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், தண்ணீரும் கழிப்பறையும் எப்படி என்பவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிடலாம்: வேன் காலை ஏழு மணிக்கே வந்து நின்றால், மக்தப் நேரம் என்னாகும்?