ஈஸ்டர் ஞாயிறும் 250 யாரும்



ஒன்லைனில் விமானச் சண்டை கேம் விளையாடும் நம்ம ஜிந்துப்பிட்டி மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், குறி சரியாத்தான் வைக்கிறேன். ஒண்டும் படுதில்லையே?"

"மகன், நீ எட்டத்திலிருந்தே சுடுற" என்றேன். பிறகு நம் ஊர் வரலாற்றையே சொன்னேன்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. 120க்கும் அதிகமான ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்க வந்தன. அது நமக்கு நடை தூரம். முதல் நாளே கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி பேர்ச்சல், எதிரிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். அப்படியிருந்தும் ரத்மலானை விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். கொழும்பு குதிரைப்பந்தயத் திடலிலிருந்து 14 ஹரிக்கேன்கள் எழும்பின. அதில் 9 அழிந்தன.

ஹரிக்கேனின் குறிபார்க்கும் கண்ணாடியில் ஓர் ஒளிவட்டம் தெரியும். அதன் குறுக்கே, நடுவில் இடைவெளி விட்ட கோடு. எதிரி விமானத்தின் இறக்கை அகலத்தை விமானி முன்கூட்டியே பதிய வேண்டும். ஸீரோ விமானத்துக்கு 12 மீற்றர். இறக்கை அந்த இடைவெளியை நிரப்பினால்தான் சுடும் தூரம். இரு இறக்கைத் துப்பாக்கிகளின் குண்டுகளும் சுமார் 250 யாரில் ஒன்றுசேரும்; அதற்கப்பால் சிதறும். பெரிய விமானத்தைச் சிறியதென்று நினைத்தால், தூரத்தில் இருப்பதும் கிட்ட இருப்பதாகத் தோன்றும்.

கேமில் தவறினால் மறுபடி தொடங்கலாம். அன்று 85 பொதுமக்களும் உயிரிழந்தார்கள்.

உங்கள் மூத்தவாப்பா, உம்மம்மா, தாத்தா, பாட்டி அந்தக் காலையைப் பற்றிச் சொன்னது ஏதும் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.