காசைத் தொடாதவர்கள் திறந்த அடகுக்கடை

அசிசி நகருக்குக் கீழே, சமவெளியில், போர்சியுங்குலா என்றொரு சிற்றாலயம். அங்கே செபிக்க வந்த ஒருவர் சிலுவையடியில் கொஞ்சம் காசைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனார். அங்கிருந்த துறவி ஒருவர் அதை எடுத்து ஜன்னல் திண்டின்மேல் போட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. விஷயம் அந்தத் துறவியர் சபையைத் தொடங்கிய பிரான்சிஸ் காதுக்குப் போயிற்று. காசைத் தொட்டவர் அதை வாயால் கவ்விக்கொண்டு வெளியே போய், அங்கே கிடக்கும் கழுதை விட்டையின்மேல் வாயாலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்று கட்டளை வந்தது. பிரான்சிஸின் வாழ்க்கையை முதலில் எழுதிய செலானோ ஊர் தோமா சொல்லும் கதை இது. கழுதை விட்டையானாலும் கை நிறைய வேண்டும் என்பது நம் ஊர்ப் பழமொழி. பிரான்சிஸ் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

துணி வியாபாரியின் மகன் அவர். பணம் என்ன செய்யும் என்று வீட்டிலேயே பார்த்தவர். 1223-இல் திருத்தந்தை ஒப்புதல் தந்த அவருடைய சபை ஒழுங்கில், துறவிகள் நாணயத்தையோ பணத்தையோ நேரடியாகவும் வாங்கக் கூடாது, இன்னொருவர் மூலமாகவும் வாங்கக் கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறது. 1226-இல் அவர் இறந்தார். அதற்குச் சரியாக 236 ஆண்டுகள் கழித்து, அசிசியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் பெரூஜா நகரத்தில், அதே சபையைச் சேர்ந்த, அதே கயிற்றை இடுப்பில் கட்டிய துறவிகள் முன்னின்று ஓர் அடகுக்கடையைத் திறக்க வைத்தார்கள். இத்தாலியில் அதற்குப் பெயர் மோந்தே தி பியெத்தா.

முதலில் கடன் கேட்டு நின்றவர்களைப் பார்க்கவேண்டும். நெசவாளி, செருப்புத் தைப்பவர், கூலிக்கு உழுபவர். பனிக்காலத்தில் வேலை இல்லை, விதைப்பு நெருங்கும்போது கையில் தானியம் இல்லை, இடையில் ஒரு காய்ச்சல். கேட்கும் தொகை சின்னது; வைப்பதற்கு இருப்பது ஒரு போர்வை, ஒரு செம்புப் பாத்திரம், மனைவியின் மோதிரம். திருச்சபையோ வட்டியைப் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1139-இல் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் வட்டிக்காரரைக் கண்டித்தது. 1179-இல் மூன்றாம் லாத்தரன், வெளிப்படையாக வட்டித் தொழில் செய்பவருக்கு நற்கருணையும் கிடையாது, கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்றது. 1311-12-இல் வியன் நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், வட்டி பாவமில்லை என்று பிடிவாதமாகச் சொல்பவனே மதமறுப்பாளன் என்றது.

ஆனால் பெரிய முதலாளிகளுக்கு வழி இருந்தது. ஒரு நகரத்தில் ஒரு நாணயத்தில் கொடுத்து இன்னொரு நகரத்தில் வேறு நாணயத்தில் வாங்கினால் அது கடன் அல்ல, நாணய மாற்று. மேலே வருவது வட்டி அல்ல, மாற்று விகிதத்தின் வித்தியாசம். மெதிச்சி குடும்பம் இப்படித்தான் வங்கி நடத்தியது. போர்வையை அடகு வைக்க வந்த கிழவிக்கு புரூஜ் நகரத்து மாற்றுச்சீட்டு எதற்கு? அவளுக்கு ஒரே கதவுதான் திறந்திருந்தது, யூத அடகுக்காரரின் கதவு. நிலம் வாங்கவும் தொழில் குழுக்களில் சேரவும் யூதர்களுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. ஆகவே நகராட்சிகளே அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, உரிமம் கொடுத்து, கடை வைக்க அழைத்தன, வரியும் வாங்கிக்கொண்டன. வட்டி ஆண்டுக்கு 20, 30 சதவீதம் என்பது அன்றைக்குச் சாதாரணம். தாங்கள் செய்யக் கூடாத பாவத்தைச் செய்ய ஆள் வைத்துவிட்டு, பிறகு அந்த ஆளையே திட்டும் ஏற்பாடு.

காசைத் தொடாத துறவிகள் இதற்குள் எப்படி வந்தார்கள்? அவர்கள் பணத்தைத் துறந்ததாலேயே பணத்தைப் பற்றி யோசித்தே தீரவேண்டியிருந்தது. எதுவும் சொந்தமில்லை என்றால், நான் தின்னும் ரொட்டி யாருடையது? படுக்கும் இடம் யாருடையது? 1279-இல் திருத்தந்தை மூன்றாம் நிக்கோலஸ், சொத்து திருத்தந்தையுடையது, துறவிகளுக்குப் பயன்பாடு மட்டுமே என்று ஒரு தீர்வு சொன்னார். 1322-இல் இருபத்திரண்டாம் யோவான் அதைக் கலைத்தார். தின்றால் தீர்ந்துபோகும் முட்டையிலும் பாலாடைக்கட்டியிலும் உரிமை தனி, பயன்பாடு தனி என்று பிரிப்பது எந்த ஊர் நியாயம் என்பது அவர் கேள்வி. சபை இரண்டுபட்டது, சிலர் எரிக்கவும்பட்டார்கள். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த இந்தச் சண்டை அவர்களுக்கு ஒரு பயிற்சி. பொருள் வேறு, அதன் பயன் வேறு, அது சும்மா கிடக்கும் இடம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் கண் வந்துவிட்டது. 1298-இல் இறந்த பீட்டர் ஒலிவி என்ற பிரான்சிஸ்கன், தொழிலில் இறங்கத் தயாராக நிற்கும் பணத்துக்கும் பெட்டியில் தூங்கும் பணத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று எழுதினார். கணக்கியலில் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கிய லூக்கா பச்சோலியும் இதே சபைக்காரர்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இது தற்செயல் என்று தோன்றவில்லை.

1462-இல் மிக்கேலே கர்க்கானோ என்ற துறவி பெரூஜாவில் மறையுரை நிகழ்த்தினார். பர்னபா மனாசேய் என்ற இன்னொரு பிரான்சிஸ்கனும் கூட நின்றார். அஸ்கோலி நகரத்தார் தங்களுடையது 1458-லேயே வந்துவிட்டது என்று உரிமை கொண்டாடுவார்கள். முதல்வர் யார் என்ற சண்டை எல்லா ஊரிலும் உண்டு. மறையுரை கேட்டவர்கள் பணமும் நகையும் கொடுத்தார்கள். நகரத்தில் ஊர்வலம் போகும். முன்னால் ஒரு கொடி. அதில் கல்லறையிலிருந்து பாதி உடல் தெரிய எழுந்து நிற்கும் காயப்பட்ட கிறிஸ்து. பியெத்தா என்றால் இரக்கம். அந்தப் படத்துக்கும் அதே பெயர். மோந்தே என்றால் மலை, குவியல். பொதுநிதியையும் இத்தாலியில் அப்படித்தான் சொன்னார்கள். இரக்கக் குவியல் என்று மொழிபெயர்த்தால் தமிழில் கொஞ்சம் அசடு வழிகிறது. ஆனால் மேசைமேல் காசு குவிவதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரில் விளக்க எதுவும் இருந்திருக்காது.

நடைமுறை நம் ஊர் அடகுக்கடையைப் பார்த்தவருக்கு அந்நியமாக இருக்காது. பொருளை மதிப்பிடுவார்கள். மதிப்பில் ஒரு பகுதிதான் கடன். ரசீது உண்டு, பேரேடு உண்டு, தவணை உண்டு. உள்ளூர் ஏழைகளுக்கு மட்டும், அதுவும் சின்னத் தொகை மட்டும். தவணைக்குள் வராவிட்டால் பொருள் ஏலத்துக்குப் போகும். நம் பக்கத்தில் இதை நகை மூழ்கிவிட்டது என்பார்கள், ஆற்றில் விழுந்த மாதிரி. மோந்தேயில் அது முழுதாக மூழ்காது. ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்த தொகை பொருளின் சொந்தக்காரருக்கே திரும்பிப் போகும். பெட்டிச் சாவி துறவிகளிடம் இல்லை. நிர்வாகம் நகரத்து இல்லறத்தார் கையில். பேசுவதும் விதி எழுதுவதும் துறவிகள், எண்ணுவது மற்றவர்கள். சபை ஒழுங்கு மீறப்படவில்லை.

அடகைப் பற்றி விவிலியம் பேசுவதும் இங்கே நினைவுக்கு வரவேண்டியதுதான். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு, இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு துணி இல்லை என்கிறது யாத்திராகமம். மாவரைக்கும் கல்லை அடகு வாங்காதே, அது ஒருவன் உயிரையே அடகு வாங்குவது என்கிறது உபாகமம். நம் மொழியில் இன்னொன்றும் இருக்கிறது. அடகுக்கடையிலிருந்து தாலிச் சங்கிலியை எடுத்து வருவதற்கும் மீட்பு என்கிறோம். கோவிலில் கிறிஸ்துவை மீட்பர் என்கிறோம். கர்த்தர் கற்பித்த செபத்தில் பாவம் என்று நாம் நினைக்கும் இடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கடன் என்றே சொல்கிறது. மத்தேயுவின் கிரேக்க மூலத்திலும் அது கடன்தான்.

கடை திறந்தபின் சண்டை வட்டியில் வந்தது. கிறிஸ்தவன் வைத்த கடை என்றால் வட்டியே இல்லாமல் கொடுக்கவேண்டாமா? கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. லண்டன் ஆயர் மைக்கேல் நார்த்பர்க் 1361-இல் இறந்தபோது, அடகின்பேரில் வட்டியில்லாக் கடன் கொடுக்க 1000 மார்க் வெள்ளி எழுதிவைத்தார். செலவையும் அந்த முதலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றார். எழுத்தருக்குச் சம்பளம், கிடங்குக்குச் செலவு என்று முதலே கரைந்துபோனது; கடையும் மூடப்பட்டது. பெர்னர்தீனோ தா ஃபெல்த்ரே என்ற பிரான்சிஸ்கன் இதே பாடத்தை வேறு வகையில் சொன்னார். மனிதர் குள்ளம், குரலோ பெரியது. இத்தாலி முழுக்க நடந்து ஊர் ஊராக மோந்தே தொடங்க வைத்தவர் அவர். கட்டணம் இல்லாத மோந்தே ஒன்றிரண்டு வருடத்தில் செத்துவிடும், அப்புறம் ஏழை பழைய கதவுக்கே போவான் என்பது அவர் வாதம். ஆகவே செலவுக்கு மட்டும் சிறிது வாங்கலாம், பல ஊர்களில் ஆண்டுக்கு 5 சதவீத அளவில்.

எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை, பக்கத்து மடங்களிலிருந்து வந்தது. 1496-இல் நிக்கோலோ பரியானி என்ற அகுஸ்தீன் சபைத் துறவி, இரக்கத்தின் மலையை இரக்கமின்மையின் மலை என்று தலைப்பிலேயே கிண்டல் செய்து ஒரு நூல் வெளியிட்டார். 1498-இல் தொமினிக்கன் சபையின் கூர்மையான தலை, பிற்காலத்தில் கர்தினால் ஆன கயேத்தான், வட்டிக்கு வேறு பெயர் வைத்தால் அது வட்டி இல்லாமல் போய்விடாது என்ற கட்சியில் நின்று எழுதினார். அவர்கள் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது என்றே எனக்குப் படுகிறது. சேவைக் கட்டணம் என்ற பெயரில் எதையெல்லாம் பிடிக்கிறார்கள் என்று இன்றைக்கு வங்கிப் புத்தகத்தைப் பார்ப்பவருக்கு கயேத்தானின் கோபம் புரியும். ஆனால் அதே தொமினிக்கன் சபையைச் சேர்ந்த சவொனரோலா ஃபுளோரன்சில் மோந்தே வர முன்னின்றார் என்பதையும் சொல்லவேண்டும்.

முடிவு 1515 மே 4-இல் வந்தது. ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கத்தில் திருத்தந்தை பத்தாம் லியோ ஓர் ஆணை வெளியிட்டார். லாபம் இல்லாமல், ஊழியர் சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் மட்டும் வாங்கினால் அது வட்டி ஆகாது. அதையும் வாங்காமல் நடத்த முடிந்தால் இன்னும் மேல். இனிமேல் மோந்தேக்கு எதிராகப் போதிப்பவர் சபைநீக்கத்துக்கு ஆளாவார். பத்தாம் லியோ யார் என்றால், மெதிச்சி வங்கிக் குடும்பத்துப் பிள்ளை.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் நன்றாக இருக்கும். நியாயமாக இருக்காது. பெர்னர்தீனோ ஏழைக்காகப் பேசிய அதே மேடையில் யூதருக்கு எதிராக வெறுப்பையும் கொட்டினார். 1475 தவக்காலத்தில் அவர் திரெந்து நகரில் பிரசங்கித்தார். அந்தப் பாஸ்கா நாட்களில் சீமோன் என்ற சிறுவன் இறந்துகிடக்க, பழி யூதர்மேல் விழுந்தது. சித்திரவதையில் ஒப்புக்கொள்ள வைத்து, ஆண்களைக் கொன்றார்கள். அத்தனையும் பொய் என்று திருச்சபையே ஏற்று அந்தச் சிறுவனின் வணக்கத்தை நீக்க 1965 வரை ஆயிற்று. 1488-இல் ஃபுளோரன்ஸ் நகரமே, கலவரம் வரும் என்று பெர்னர்தீனோவை வெளியேற்றியது. போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு என்ற சட்டம் யாருடைய வேதத்திலிருந்து வந்தது என்பதை மேடையில் நின்றவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடை பரவியது. சியன்னாவில் 1472-இல் தொடங்கிய மோந்தே இன்று உலகின் மிகப் பழைய வங்கி என்ற பெயரோடு நடக்கிறது. அதன் அண்மைக்காலக் கணக்குவழக்குகளைப் பார்த்தால் பிரான்சிஸ் மறுபடி கழுதையைத் தேடியிருப்பார். நேப்பிள்ஸில் 1539-இல் வந்தது பிறகு பெரிய வங்கியாயிற்று. மத்ரீதில் 1702 டிசம்பர் 3 அன்று பிரான்சிஸ்கோ பிக்கேர் என்ற குரு ஒரு உண்டியலில் ஒரே ஒரு வெள்ளிக் காசைப் போட்டுத் தொடங்கினார். மெக்சிகோவில் 1775-இல் வெள்ளிச் சுரங்க முதலாளி ஒருவர் 3 லட்சம் பெசோ கொடுத்துத் தொடங்கியது இன்றும் நகரின் பெரிய சதுக்கத்தில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி வந்தால் அங்கே நகையோடு வருபவர் கூட்டம் சேர்ந்துவிடும். அந்த மாதத்துக்கே ஜனவரி ஏற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாரீஸ்காரர்கள் இன்னும் நாசூக்கு. கடிகாரம் எங்கே என்று கேட்டால், அத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்பார்கள்.

பெர்னர்தீனோ 1494-இல் பவியா நகரில் இறந்தார். அவரை வரைந்தவர்கள் எப்படி அடையாளம் காட்டுவது என்று யோசித்திருக்கவேண்டும். வெறும் கால், இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு, அதெல்லாம் எல்லா பிரான்சிஸ்கனுக்கும் உண்டு. ஆகவே அவர் கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். உச்சியில் சிலுவை வைத்த ஒரு சின்னக் குன்று. அந்தக் குன்று என்ன என்று பார்த்தவர் எல்லாருக்கும் தெரியும், காசுக் குவியல். அதை அவர் வெறும் கையில் ஏந்தி நிற்கிறார்.