ஊசலும் தூளியும்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில், பால்கனியின் மேல்தளத்தில் ஒற்றைக் கொக்கியை இறுக்கி, பல வர்ணப் பருத்தித் துணியைக் கயிறுகளாற் பிணைத்துத் தொங்கவிட்டு, அதனுள் உடம்பைக் கிடத்தி இளைப்பாறும் வழக்கம் இப்பொழுது காணப்படுகிறது. கடைக்காரர் அதை ‘ஸ்விங் சேர்’ என்கிறார். வீட்டுப் பெரியவர்களோ சிறிதும் தயங்காமல் ஊஞ்சல் என்கிறார்கள். அப்பெயர் அதற்கு எவ்வளவு தூரம் உரியது என்று பார்ப்போம்.

சங்க நூல்களில் வழங்கும் வடிவம் ஊசல். இளங்கோவடிகள் வாழ்த்துக் காதையில் ஊசல்வரியை அமைத்தார். மாணிக்கவாசகர் தில்லையிலே திருப்பொன்னூசல் பாடினார். பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசல் ஒரு பருவமாகவே நிலைத்தது. நடுவே மெல்லெழுத்துப் புகுந்து ஊஞ்சலாகிய இச்சொல்லுக்கு, மலையாளத்து ஊஞ்ஞாலும் தெலுங்கின் உய்யாலயும் உறவு. கோயிலில் மட்டும் வடமொழி டோலை ஸ்தானம் பெற்று, டோலோற்சவம் என்ற வழக்கு உண்டாயிற்று. எங்கே சென்றாலும் ஊசலின் உயிர் அசைவே. முடிவு காணாத மனம் ஊசலாடுகிறது என்கிறோம், பௌதிக நூலாரும் ‘தனி ஊசல்’ என்றே பெயரிட்டனர்.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின் இவ்வழியில் பெருகிய வீடுகள் சிலவற்றில், கூடத்து உத்தரத்திலிருந்து நான்கு சங்கிலிகளில் தொங்கிய தேக்குப் பலகையே ஊஞ்சல் எனப்பட்டது. அதற்கு வேண்டிய கூடம் இன்றைய வீடுகளில் இல்லை.

துணி நாற்காலியின் பூர்வ வீடு கரீபியத் தீவுகள். 1492-இல் அங்கே சென்ற கொலம்பஸ், மக்கள் பருத்தி வலையில் படுத்துறங்குவதைக் கண்டார். அவர்கள் வழங்கிய ‘ஹமாக்கா’ ஸ்பானியர் வழியாக உலகெங்கும் பரவிற்று. ஆயினும் நமக்கு இது புதுமையன்று. அம்மாவின் பழைய பருத்திப் புடவையை உத்தரத்தில் கட்டிக் குழந்தையை இட்டால் அது தூளி. சில ஊர்களில் ஏணை. உடம்பின் வளைவுக்கேற்பத் துணி வளைந்துகொடுப்பதே அதன் விசேஷம், பலகையிடம் அக்குணம் கிடையாது. ஆகவே புதிய நாற்காலி அசைவால் ஊசல், உடலால் தூளி.

‘தூங்கு’ என்ற வினையும் இங்கே நினைக்கத்தக்கது. தொங்குதலும் அசைதலும் அதன் பழம்பொருள்கள். தூங்கணாங்குருவியின் பெயர் அதன் தொங்கும் கூட்டால் வந்தது. தாம்பரத்துக்குக் கிழக்கே மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் ஆலயத்தின் விமானம், யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடம். அதை உறங்கும் யானை என்பர். அசைந்து நிற்கும் யானை என்று கொள்ளவும் பழைய பிரயோகம் இடந்தருகிறது.

இந்நாற்காலியை விற்போர் வழியாக இன்னொரு சொல்லும் வந்திருக்கிறது: செய்தவர்க்கு உரியதைத் தந்து வாங்கும் ‘நியாய வணிகம்’. நியாய விலை என்றால் நம் மக்களுக்கு ரேஷன் கடையே நினைவுக்கு வரும். அங்கே நியாயம் வாங்குவோர்க்கு உரியது. நெய்தோர்க்கு உரிய நியாயத்தை நாடிக் கைத்தறிக் கூட்டுறவாகிய கோ-ஆப்டெக்ஸ் 1935-இலேயே தோன்றியும், அந்த நியாயத்துக்கென ஒரு சொல் மக்கள் வாயில் பதியவில்லை. தறிக்காரர் தம் வருவாயைக் கூலி என்றே சொல்லுகிறார்கள். ஆதலால் நூலுக்குச் சாயமேற்றியவர்க்கும் நெய்தவர்க்கும் முடிச்சிட்டவர்க்கும் சேரவேண்டியதை ‘நியாயக் கூலி’ என்று வழங்குவதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.