மரப்பெட்டிக்குப் போன காசு

பைகாரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் கோவைக்கு வந்ததும் பஞ்சாலைகளும் கிணற்று மோட்டார்களும்தான் முதலில் பலனடைந்தன. பாட்டுப்பெட்டி பின்னால்தான் வந்தது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கிய ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்ய முடியும் என்று 1941-இல் அறிவித்தார். இதைக் கொங்குச் சிக்கனம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. விலையில் எவ்வளவு சரக்குக்கு, எவ்வளவு பகட்டுக்கு என்று பிரித்துப் பார்க்கும் கண் அது. டிஜிட்டல் காலத்து ஹைஃபை வாங்குகிறவருக்கு வேண்டியதும் அந்தக் கண்தான்.

இறக்குமதி வரி எட்டாத உயரத்தில் இருந்த 1980-களில், வெளிநாட்டு செட் வாங்க முடியாதவர்களுக்கு உள்ளூர்க் கடையில் கையால் பூட்டிய அசெம்பிள்டு செட்தான் கதி. பிளைவுட் பெட்டிக்குள் எட்டங்குல ஊஃபர், அலுமினிய ஹீட் சிங்க்கில் திருகிய எஸ்.டி.கே. ஆம்ப்ளிஃபயர் ஐ.சி., தூக்கினால் கை இறங்கும் டிரான்ஸ்ஃபார்மர். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது பெரிய வித்தையா? ஒலியின் தரம் செம்பிலும் காந்தத்திலும் மரத்திலும்தான் இருக்கிறது. இந்த மூன்றும் உள்ளூரில் கைக்கெட்டின. எட்டாதது பாட்டு வரும் மூலம் மட்டுமே. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்த கேசட்டில் ‘உஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்தே வரும்.

அந்தக் குறையைத்தான் டிஜிட்டல் தீர்த்தது. 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சி.டி. நொடிக்கு 44,100 முறை, 16 பிட்டில் அளந்த ஒலியை எண்களாகத் தாங்கியது. அன்று பணக்காரப் பொருள். இன்று அந்த எண்களைத் திரும்ப ஒலியாக்கும் டி.ஏ.சி. சில்லு சில நூறு ரூபாய். ஆக, மலிவானது மூலம். ஸ்பீக்கரும் பெட்டியும் மலியவில்லை. காசு அங்கேதான் போக வேண்டும்.

விலை உயர்ந்த டி.ஏ.சி.யில் வித்தியாசம் கேட்கிறதே என்பார்கள். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 16 பிட் கொடுக்கும் இடைவெளி ஏறக்குறைய 96 டெசிபல். சீலிங் ஃபேன் ஓடும் கூடத்தில் சும்மா இருக்கும்போதே 40 டெசிபல் சத்தம் உண்டு. அதற்கடியில் இருக்கும் நுணுக்கத்துக்குப் பணம் கொடுப்பது, காற்றாடி இரைச்சலுக்குக் கொடுப்பதுதான். ஒலியளவைச் சரிசெய்து, எது ஓடுகிறதென்று தெரியாமல் கேட்டால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். அசெம்பிள்டு செட் ‘ம்ம்’ என்று ஹம் அடித்தது, வாட் கணக்கைப் பெருக்கிச் சொன்னது என்ற குற்றச்சாட்டு வேறு. இரண்டும் உண்மை. ஆனால் ஹம்முக்குக் காரணம் எர்த் சரியில்லாததும் சின்னக் கப்பாசிட்டரும். கையால் செய்தது என்பதல்ல. வாட் விஷயத்தில் கம்பெனி செட்டுகளும் யோக்கியம் இல்லை, பி.எம்.பி.ஓ. என்ற கண நேர உச்சக் கணக்கை அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சடித்தவை அவைதாம்.

ஒப்புக்கொள்ள வேண்டிய குறை வேறொன்று: அன்றைய கடைகள் அறையைக் கணக்கில் எடுக்கவே இல்லை. மொசைக் தரையும் சிமென்ட் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் கூச்சல் கொஞ்சம் அடங்கும். பருத்தி மெல்லிசு, மேல்சுருதியை மட்டும் குடிக்கும். பாஸ் முழங்கினால் பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்த வேண்டியதுதான், அதற்குச் செலவே இல்லை.