கழற்றிப் பார்த்தவர்கள்

விளையாட்டுச் சாமான்களின் வரலாறு – 23

ஆண்டிமடம் கடைத்தெருவில் எந்த பேன்சி ஸ்டோருக்குப் போனாலும் பம்பரத்துக்கும் பிளாஸ்டிக் காருக்கும் நடுவில் ரூபிக்ஸ் கியூப் ஒன்று தொங்கும். திருவிழாக் கடைகளிலும் உண்டு. வாங்கிய பிள்ளை முதல் நாள் ஆசையாகத் திருகும். மறுநாள் கலைந்த நிறத்தைச் சேர்க்க முடியாமல் தவிக்கும். அதற்கடுத்த நாள் இரண்டில் ஒன்று நடக்கும்: ஸ்டிக்கரை நகத்தால் உரித்து இடம் மாற்றி ஒட்டும், இல்லையென்றால் மேல் அடுக்கைப் பாதி திருப்பி, ஓரக் கட்டை ஒன்றை நெம்பி, மொத்தத்தையும் பிரித்துப் போட்டு, நிறம் பார்த்து மறுபடி கோக்கும். வீட்டில் திட்டு விழும். ஆனால் இந்தச் சாமானின் ஐம்பதாண்டுக் கதையை நகர்த்தியவர்களில் பலர் இந்த இரண்டாவது ரகம்தான்.

பிரித்தால் என்ன தெரியும்? 27 சிறு கட்டைகளை அடுக்கியிருப்பார்கள் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கும்போது தோன்றும். உள்ளே இருப்பது ஆறு கைகள் நீட்டிய ஒரு குறுக்குச்சட்டம். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஸ்பிரிங்கும் திருகாணியும் போட்டு நடுக் கட்டை மாட்டியிருக்கும். மிச்சமிருக்கும் 12 ஓரக் கட்டைகளும் 8 மூலைக் கட்டைகளும் எதிலும் மாட்டப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கால் மட்டும் உண்டு. நெரிசலான பேருந்தில் கம்பியைப் பிடிக்காமலே நிற்கிறோமே, அப்படி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு விழாமல் நிற்கின்றன.

புடாபெஸ்டில் பயன்பாட்டுக் கலைக் கல்லூரி ஆசிரியராக இருந்த எர்னோ ரூபிக்குக்கு 1974-இல் தலைவலி கொடுத்தது இந்த நெருக்கத்தின் ரகசியம்தான். முதலில் மரக்கட்டைகளை ரப்பர் வளையத்தால் இணைத்துப் பார்த்தார், அறுந்துவிட்டது. கட்டைகளின் வடிவமே ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்று அதன் பிறகுதான் பிடிபட்டது. செய்து முடித்துத் திருகினார், நிறம் கலைந்தது. திரும்பச் சேர்க்க அவருக்கே ஒரு மாதம் போல ஆனது. பெற்ற பிள்ளையே அவரை அவ்வளவு நாள் அலைக்கழித்திருக்கிறது என்றால், ஸ்டிக்கர் உரிக்கும் பிள்ளையைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை?

1975 ஜனவரி 30 அன்று ஹங்கேரியில் காப்புரிமைக்கு மனுப் போட்டார். வெளிநாடுகளுக்கான மனுவை உரிய ஓராண்டுக்குள் போடாமல் விட்டுவிட்டார். பின்னால் ஹாங்காங்கிலும் தைவானிலும் போலிகள் மலையாகக் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த யோசனை அவருக்கு மட்டும் வந்ததும் அல்ல. அமெரிக்க வேதியியலாளர் லாரி நிக்கோல்ஸ் 1970-லேயே இரண்டடுக்குக் கியூபுக்கு மனுப் போட்டு, 1972-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். அவருடைய கட்டைகளைச் சேர்த்துப் பிடித்தது காந்தம். இங்கிலாந்தில் ஃபிராங்க் ஃபாக்ஸ் என்பவர் உருண்டை வடிவில் ஒன்றுக்கு உரிமை பெற்றார். ஜப்பானில் தெருதோஷி இஷிகே 1976-இல், ரூபிக்கினுடையதைப் போன்ற பொறியமைப்புக்கே மனுப் போட்டார். நிக்கோல்ஸ் வேலை பார்த்த நிறுவனம், ரூபிக்கின் கியூபை விற்ற நிறுவனத்தின் மீது 1982-இல் வழக்குத் தொடுத்தது. இரண்டடுக்குக் கியூப் அவருடைய உரிமையை மீறியது, மூன்றடுக்கு மீறியதாகச் சொன்ன தீர்ப்பு நிற்காது என்று 1986-இல் மேல்முறையீட்டு மன்றம் சொன்னது.

கியூப் உலகம் சுற்றிய கதை பலருக்கும் தெரிந்ததே. 1977 கடைசியில் புடாபெஸ்டு பொம்மைக் கடைகளுக்கு வந்தது. 1979-இல் நியூரம்பெர்க் பொம்மைச் சந்தையில் பொம்மை வணிகர் டாம் கிரெமர் கண்ணில் பட்டது. 1980-இல் ஐடியல் டாய் நிறுவனம் ரூபிக்கின் பெயரைச் சூட்டிக் கடல் கடத்தியது. இங்கிலாந்தில் பேட்ரிக் போசர்ட் என்ற பள்ளிச் சிறுவன் தீர்வு சொல்லி எழுதிய புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1982 ஜூன் 5 அன்று புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் 22.95 விநாடியில் முடித்து வென்றார். அந்த வருடமே சந்தை சரியத் தொடங்கியது. கடைகளில் பெட்டி பெட்டியாகத் தேங்கிப்போனது.

வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக இங்கிருந்து இருபது வருடம் தாண்டிக் குதித்துவிடுவார்கள். எனக்கு இந்த இடைவெளிதான் சுவாரசியம். கூட்டம் கலைந்த பிறகும் போகாமல் நின்ற சிலர் உண்டு. அவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் டோனி ஃபிஷர். எண்பதுகளின் தொடக்கத்திலேயே இரண்டு கியூபை அறுத்து, ஒட்டி, இரட்டைப் பிள்ளை போல ஒரு புதிய புதிரைச் செய்தார். கடையில் விற்காத வடிவத்தைத் தானே செய்துகொள்ளலாம் என்று மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. ஹாங்காங்கில் தொழில் நடத்திய ஊவே மெஃபர்ட் இன்னொருவர். ரூபிக்குக்கு முன்பே யோசித்துக் கிடப்பில் போட்டிருந்த முக்கோணப் புதிரைத் தூசி தட்டி எடுத்து, 1981-இல் பிரமிங்ஸ் என்று சந்தைக்கு விட்டார். பன்னிரண்டு முகம் கொண்ட மெகாமிங்ஸ், மூலைக்கு மூலை வெட்டித் திரும்பும் ஸ்க்யூப் என்று அவரிடமிருந்து வந்த சரக்குக்காகச் சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அடுக்கைக் கூட்டுவது இன்னொரு வழி. ஹங்கேரியின் பீட்டர் செபெஸ்டேனி நாலடுக்கையும் ஜெர்மனியின் ஊடோ கிரெல் ஐந்தடுக்கையும் எண்பதுகளிலேயே செய்துவிட்டார்கள். ஆறும் ஏழும் கடைக்கு வந்தது 2008-இல்தான். ஏன் அவ்வளவு தாமதம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஒரு சென்டிமீட்டர் கட்டைகளால் ஏழடுக்குக் கியூப் செய்கிறீர்கள். மையத்திலிருந்து பக்கத்துக்கு 3.5 செ.மீ. மூலைக் கட்டையின் உள்முனை மையத்திலிருந்து இரு திசையிலும் 2.5 செ.மீ. தள்ளி நிற்கிறது, பித்தாகரஸ் தேற்றப்படி சாய்வாக அளந்தால் 3.54 செ.மீ. மேல் அடுக்கை 45 பாகை திருப்புங்கள். மூலைக் கட்டை முழுசாகக் கீழ் அடுக்கின் எல்லையைத் தாண்டி வெளியே தொங்கும். அதன் கால் ஊன்ற அடியில் இடமே இல்லை. ஆறடுக்கில் அதே கணக்கு 3-க்கு 2.83, தப்பித்துவிடும். அரை மில்லிமீட்டரைவிடக் குறைந்த வித்தியாசத்தில் ஏழு மாட்டிக்கொண்டது. கிரேக்கப் பொறியாளர் பனாகியோடிஸ் வெர்டெஸ் உள்வெட்டுகளைக் கூம்பு வடிவில் வளைத்தார். ஏழடுக்கின் முகங்களைத் தலையணை மாதிரி உப்ப வைத்தார். பிறகு வந்தவர்கள் ஓர அடுக்கை மட்டும் பட்டையாக்கித் தப்பித்தார்கள். 2011-இல் நெதர்லாந்தின் ஆஸ்கர் வான் டெவென்டர் முப்பரிமாண அச்சில் 17 அடுக்குக் கியூபே செய்துவிட்டார்.

பிரித்துக் கோக்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நிறம் பார்த்து ஒழுங்காகக் கோத்தால் வம்பில்லை. கைக்கு வந்தபடி செருகிவிட்டு, அப்புறம் திருகித் தீர்க்கலாம் என்று நினைத்தால், பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான் பலிக்கும். மூலைகளின் திருகலில் மூன்று வகை, ஓரங்களின் புரட்டலில் இரண்டு, இடமாற்றத்தின் ஒற்றை இரட்டையில் இரண்டு, பெருக்கினால் 12. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குத் திருகியே போக வழியில்லை. சென்ற வாரம் பார்த்தோமே, 14-ஐயும் 15-ஐயும் மட்டும் இடம் மாற்றினால் ஆயிரம் டாலர் என்று புதிர்க்காரர் சாம் லாய்டு பந்தயம் வைத்த, எண் சில்லுகளை நகர்த்தும் கட்டம், அதே சங்கதி. எல்லா நிறமும் சேர்ந்து ஒரு மூலை மட்டும் திரும்பி நின்றால், குற்றம் உங்கள் ஃபார்முலாவில் இல்லை. யாரோ ஏற்கெனவே நெம்பியிருக்கிறார்கள்.

முறையாகத் திருகி அடையக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை இருபது இலக்க எண். அவற்றில் எதையும் 20 திருப்பத்துக்குள் தீர்க்கலாம் என்று 2010-இல் டோமஸ் ரொகிக்கி குழுவினர் கூகுளின் கணினிகளைக் கடன் வாங்கி நிரூபித்தார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். நிறம் சேர்ந்த கியூபைக் கையில் எடுங்கள். வலப்பக்க அடுக்கை மேலே தள்ளுங்கள், மேல் அடுக்கைக் கடிகாரச் சுற்றில் ஒரு கால் வட்டம் திருப்புங்கள், வலப்பக்கத்தைக் கீழே இறக்குங்கள், மேல் அடுக்கைத் திரும்பப் பழைய இடத்துக்குச் சுற்றுங்கள். இந்த நாலையும் ஆறு தடவை செய்தால் கலைந்ததெல்லாம் தானாகக் கூடிவிடும். லண்டன் கணிதர் டேவிட் சிங்மாஸ்டர் கொடுத்த எழுத்துக் குறிகளில் எழுதினால் இது நாலே எழுத்து. இன்று ஃபார்முலா மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் ஓதுவது அவர் வகுத்த குறிகளைத்தான்.

2003-இல் டொரன்டோவில் உலகப் போட்டி மறுபடி உயிர் பெற்றது. அடுத்த ஆண்டு உலக கியூப் சங்கம் அமைந்தது. பார்த்துக்கொள்ள 15 விநாடி, ஐந்து ஆட்டம், நல்லதையும் மோசத்தையும் தள்ளி நடு மூன்றின் சராசரி என்று விதிகள் வகுத்தார்கள். சென்னை, கோவையில் நடக்கும் போட்டிகளும் அதே விதிப்படிதான். 2020-இல் சென்னையைச் சேர்ந்த இளையராம் சேகர் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு கியூபைத் தீர்த்துக் கின்னஸில் ஏறினார். 2023-இல் அமெரிக்காவின் மேக்ஸ் பார்க் ஒற்றை ஆட்டத்தை 3.13 விநாடியில் முடித்தார். அந்த வேகத்துக்கு விரல் மட்டும் போதாது. இப்போதைய போட்டிக் கியூபுகளில் அடுக்குகள் நேராக வந்து உட்கார ஓர, மூலைக் கட்டைகளுக்குள் காந்தம் வைக்கிறார்கள். வழக்கில் பாதி தோற்ற நிக்கோல்ஸின் காந்தம் வேறொரு வேலைக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

திருவிழாக் கடைக் கியூபில் அது இருக்காது. வாங்குகிறவர்கள் நடுக் கட்டையின் மூடியை நெம்பி, உள்ளே இருக்கும் திருகாணியை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். பாதி இறுக்கம் அங்கேதான் இருக்கிறது. ஆறு பக்கமும் ஒரே அளவு தளர்த்த வேண்டும். ஒன்று கூடினாலும் மூலை தெறித்துவிடும்.

(அடுத்த வாரம்: சாவி இருந்தும் திறக்காத திண்டுக்கல் பூட்டு)