கண்ணாடித் தட்டும் நமது கலியாண மேசையும்



நமது பழைய வீடுகள் பலவற்றில் கண்ணாடி அலுமாரி ஒன்று இருக்கும். உள்ளே காலுள்ள கண்ணாடித் தட்டு, பூ வேலை செய்த கிண்ணம். பெருநாளைக்கும் கலியாணத்துக்கும்தான் வெளியே வரும். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வந்தர் வீட்டு விருந்தின் முடிவில் இனிப்பு வைப்பார்கள். காலுள்ள கண்ணாடித் தட்டுகளைப் பெரியதன் மேல் சிறியதாகக் கோபுரம் போல அடுக்கி, ஜெலியும் சீனிப்பாகில் ஊறிய பழங்களும் பரப்புவார்கள். வாயில் வைக்கும் முன் கண்ணால் பார்க்க வேண்டும், அதுதான் நோக்கம். கண்ணாடியும் விலை கூடியதுதான். 1745இல் அதற்கு எடைப்படி விதித்த வரி 1845 வரை இருந்தது.

நமது வேலியோரம் காய்க்கும் அன்னாசியை அந்தக் குளிர் நாட்டில் சூடாக்கிய கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தார்கள். வாங்க வசதியில்லாதவர்கள் ஒரு பழத்தை வாடகைக்கு எடுத்து, மேசையில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். நாம் சூப்புக்குப் போடும் செலரிக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. தண்டுகளை நிமிர்த்தி வைப்பதற்கென்றே உயரமான கண்ணாடிச் சாடி செய்தார்கள். செலரி மலிந்ததும் அதைச் சாதாரணத் தட்டில் வைத்தார்கள். 1820களில் அமெரிக்காவில் கண்ணாடியை அச்சில் அழுத்திச் செய்யும் முறை வந்தபின், பூ வேலைப் பாத்திரமும் மலிந்து நடுத்தர வீடுகளுக்கு வந்தது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்த இனிப்புக்கான சீனி கரீபியன் தீவுகளில் அடிமைகள் உழைத்துக் கொடுத்தது. கரும்பு வெட்டிய கை அந்த மேசையைக் கண்டதில்லை. நமது மலைகளில் கொழுந்து பறித்தவர்களும், லயத்தில் இருந்துகொண்டு, துரை பங்களாவின் மேசையைத் தூரத்திலிருந்தே பார்த்தார்கள்.

பொன், வெள்ளிப் பாத்திரத்தில் உண்பதை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது. கண்ணாடிக்குத் தடையில்லை. ஆனால் பெருமை எந்தப் பாத்திரத்திலும் வந்து உட்காரும். இன்று குமர் காரியத்துக்குக் கடன்பட்டவர்கள்கூட, ஊர் பேசுமே என்று அலங்கார இனிப்பு மேசைக்கு இன்னும் கடன் வாங்குகிறார்கள். வாடகை அன்னாசிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாம். அடுத்த கலியாணத்தைப் பேசும்போது, அந்த மேசை தேவைதானா என்று வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

அலுமாரியிலுள்ள கிண்ணத்தையும் வெளியே எடுங்கள். அதில் வட்டிலப்பம் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அதை வாங்கியது யார், எந்தக் காலத்தில் என்றும் சொல்லிக் கொடுங்கள்.